ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்

எங்கள் அலுவலகத்தின் பிறந்தநாள் பட்டியல் என்னிடம் இருந்தது. யாரும் என்னிடம் அதை ஒப்படைக்கவில்லை. நான் சேர்ந்த வருடம் ஒருவருக்குக் கேக் வாங்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே எல்லோரிடமும் தேதி கேட்டு, எக்செல் தாளில் ஏற்றி, மாதவாரியாக வரிசைப்படுத்தினேன். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று உடனே தெரியும். நவம்பரில் ஒருவர். பிப்ரவரியில் யாரும் இல்லை. மே கடைசியிலும் ஜூனிலும் மட்டும் கூட்டம் அலைமோதும். ஊர்ப்பக்கம் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் கிடையாது. ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பள்ளி திறப்பது ஜூன். ஐந்து முடியாத பிள்ளைக்கும் முடிந்துவிட்டதாக ஒரு தேதியை வீட்டில் சொல்வார்கள், அல்லது தலைமையாசிரியரே போட்டுக்கொள்வார். அந்தத் தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறும், அங்கிருந்து எல்லாவற்றிலும் ஏறும். சாகிறவரை அதுதான் பிறந்தநாள்.

ஜூனில் ஆளுக்கு ஒரு கேக் வாங்குவது நடக்காத காரியம் என்று மொத்தத்துக்கும் ஒன்றாக வாங்குவோம். தல்லாகுளத்தில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கடை தள்ளி இருக்கும் பேக்கரிக்காரர் ஒரு முறை நான் எழுதிக் கொடுத்த தாளை மேலும் கீழும் பார்த்தார்.

“இம்புட்டுப் பேரும் ஒரே மாசமா? ஒரே வீடாக்கா?”

“ஒரே ஆபீஸ்.”

“அப்ப சரி. பேரெல்லாம் எழுத கேக்குல எடம் பத்தாதுக்கா. ‘ஜூன்’னு மட்டும் எழுதிறவா?”

எழுதச் சொன்னேன். அன்று மாலை அந்தக் கேக்கைச் சுற்றி நின்று பாடியபோது என் பக்கத்து இருக்கைக்காரி கையை ஆட்டி மறுத்தாள். “எனக்குப் பாடாதீங்கப்பா. நான் டிசம்பர்ல பொறந்தவ. பள்ளிக்கூடத்துல தலைக்கு மேல கையக் கொண்டுபோயி அந்தப் பக்கத்துக் காதத் தொடச் சொன்னாங்க. எட்டல. தலையச் சாச்சுத் தொட்டுட்டேன். ஜூன் மூணுன்னு எழுதிக்கிட்டாங்க.”

“அப்ப கேக்கு வேணாமா?” என்றார் எங்கள் குழுத் தலைவர்.

“கேக்குக்கு நான் ஜூன்தாண்ணே.”

அவளும் நானும் ஒரே வயது, ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவள் வீடு திருப்பரங்குன்றத்தில், என் வீடு அதைத் தாண்டித் திருநகரில். காலையில் என் ஸ்கூட்டரில் போகும்போது பேருந்து நிறுத்தத்தில் அவளை ஏற்றிக்கொள்வேன், மாலையில் இறக்கிவிடுவேன். சௌராஷ்டிரக் குடும்பம். போனில் அம்மாவோடு அவர்கள் மொழியில் பேசுவாள். எட்டு வருடம் பின்னால் உட்கார்ந்து பேசியதில் எனக்கும் பாதி புரியும். சாப்பிட்டாயா, வந்துவிடுகிறேன், சத்தம் போடாதே, இந்த மூன்றும் நன்றாகப் புரியும்.

அந்த வருடக் கடைசியில் எங்கள் குழுவுக்கு வந்த வேலை ஒரு விசா. தூர நாடு ஒன்று நம் நாட்டு இளைஞர்களுக்காகப் புதிதாக ஒரு திட்டம் தொடங்க இருந்தது. ஒரு வருடம் அங்கே போய்ச் சுற்றிப் பார்க்கலாம், கைச்செலவுக்கு வேலையும் செய்துகொள்ளலாம். பழம் பறிக்கலாம், ஓட்டலில் தட்டுக் கழுவலாம், ஆட்டுப் பண்ணையில் வேலி கட்டலாம். படிக்கப் போகிற விசா இல்லை, அங்கேயே தங்கிவிடுகிற விசாவும் இல்லை. இடங்கள் குறைவு என்பதால் விண்ணப்பிப்பவர்களில் குலுக்கல் போட்டு எடுப்பார்கள். அந்த நாட்டு அலுவலகம் ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்திருந்தது, அந்த நிறுவனம் எங்களிடம் கொடுத்தது. அவர்களுக்கு நண்பகல் என்றால் நமக்குக் காலை ஏழு மணி. வாரம் இரண்டு நாள் ஏழு மணிக்குக் கூட்டம் இருக்கும். அவர்கள் விதியைப் பேச்சுவாக்கில் சொல்வார்கள். அதை ஆம், இல்லை என்று மட்டுமே பதில் வரக்கூடிய சிறு வாக்கியங்களாக உடைத்து எழுதுவது என் வேலை. பிறகு கணினி அந்த வாக்கியங்களின்படி நடக்கிறதா என்று சோதிப்பதும் என் வேலை.

பதினெட்டு நிறைந்தவர். விண்ணப்பிக்கும் நாளில் முப்பத்தொன்று நிறையாதவர். பட்டம் பெற்றவர். குழந்தையை உடன் அழைத்து வராதவர். திரும்பி வர வழி உள்ளவர். இந்த விசாவில் முன்பு போகாதவர். எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. ஒருவர் எப்படி இருந்தால் ஒரு வருடம் கவலையில்லாமல் ஊர் சுற்றலாம் என்பதை வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். நான் போக வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அவளுக்குத் தோன்றியது. திட்டத்தின் பெயரைக் கேட்ட முதல் வாரமே தோன்றிவிட்டது. ஆனால் இந்த வேலையில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்றும், உள்விவரம் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்றும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் குழுவை விட்டு, ஆஸ்பத்திரி பில் போடும் மென்பொருள் குழுவுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது சலிப்பான வேலை, பதவி உயர்வும் ஒரு வருடம் தள்ளிப்போகும். இருக்கையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

“ஒரு வருசம்டி. எந்திரிச்சா எங்கம்மா மொகம், வாசல்ல எறங்குனா ஒன் மொகம். ஒரு வருசம் எனக்கு யாருன்னே தெரியாத ஆளுகளா பாக்கணும். ஆப்பிள் பறிக்கணும்.”

“வெயிலா இருக்கும்.”

“மதுரைக்காரிகிட்ட வெயிலப் பத்திப் பேசுற பாரு.”

அவளுக்கு இருந்தது ஒரே வாய்ப்பு. ஜூன் மூன்றாம் தேதி காகிதத்தில் அவளுக்கு முப்பத்தொரு வயது நிறைகிறது. திட்டம் திறக்கும் நாளை மே பதினான்கு என்று அந்த நாட்டின் இணையதளத்தில் போட்டுவிட்டார்கள். இடையில் இருபது நாள். அதற்குள் விண்ணப்பித்துவிட்டால் போதும், பிறகு வயது ஏறினாலும் கணக்கில்லை. அடுத்த வருடம் என்ற பேச்சே கிடையாது.

நான் எழுதிய விதிகளில் பதினான்காவது, ஒருவர் ஒரு முறைதான் விண்ணப்பிக்கலாம் என்பது. குலுக்கலில் இரண்டு சீட்டுப் போட்டுவிடக் கூடாது அல்லவா. பாஸ்போர்ட் எண்ணை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பழைய பாஸ்போர்ட்டில் ஒன்றும் புதியதில் ஒன்றுமாகப் போடுவார்கள் என்று அங்கிருந்து சொன்னார்கள். பெயரையும் நம்ப முடியாது, ஒரே ஆள் பெயரை நாலு விதமாக எழுதுகிறார். ஆகவே பிறந்த தேதி, குடும்பப் பெயர், அஞ்சல் குறியீட்டு எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே தேதியில் பிறந்து, ஒரே குடும்பப் பெயரோடு, ஒரே இடத்தில் இரண்டு பேர் இருப்பது அபூர்வம், இரட்டையர்கள் இருந்தால் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டேன். பிறந்தநாள் பட்டியலை ஏழு வருடமாகக் கையில் வைத்திருந்தவள் நான். அது அபூர்வம் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஏப்ரல் கடைசி வாரத்தில், ஒரு வியாழக்கிழமை. அதுவரை கற்பனை ஆட்களை வைத்துத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். அன்று கற்பனை தீர்ந்துபோய், அலுவலகத்தின் பிறந்தநாள் பட்டியலை எடுத்து, ஆட்களிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி விவரங்களை ஏற்றினேன். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கும். ஏற்றிய எண்ணிக்கையை விடக் குலுக்கலுக்குப் போன எண்ணிக்கை ஒன்று குறைந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் ஒன்று குறைந்தது.

காணாமல் போனவர் எங்கள் அலுவலகத்தில் கணினி, வயர், நெட்வொர்க் பார்க்கும் இருவரில் ஒருவர். இருவரும் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. எதற்கெடுத்தாலும் ஒருவரை ஒருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். இருவரையும் என் இடத்துக்கு வரச் சொன்னேன்.

“ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே தேதியா?”

“எங்களுக்கு மட்டுமா? எங்க கிளாசுல பாதிப் பேருக்கு மே முப்பத்தொண்ணுதான். வாத்தியாரு வரிசையா நிக்க வச்சுப் போட்டு விட்டாரு” என்றார் முதலாமவர்.

“அப்பா பேரும் ஒண்ணா?”

“ஊருச் சாமி பேரு. எங்க ஊருல கல்லெடுத்து எறிஞ்சா அந்தப் பேரு வச்ச ஆளு மேலதான் விழும்.”

திரையைக் காட்டி விளக்கினேன். முதலாமவர் சிரித்துக்கொண்டே நண்பரின் முதுகில் தட்டினார். “மாப்ள, நீ டூப்ளிகேட்டாம்டா.”

“நான் எப்படிடா டூப்ளிகேட்டு? ஒனக்கு ஒரு வாரம் முன்னாடி பொறந்தவன் நானு.”

“கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. போ, போயி டீ வாங்கிட்டு வா, டூப்ளிகேட்டு.”

“ஏம்மா, அப்ப எனக்கு என்னன்னு வரும்? நீ இல்லப்பான்னு மெயில் வருமா?” என்று இரண்டாமவர் என்னிடம் கேட்டார்.

அதையும் பார்த்தேன். அவருக்கு எதுவும் வராது. விண்ணப்பம் கிடைத்தது என்று மட்டும் வரும். குலுக்கல் முடிந்ததும், தேர்வாகவில்லை என்று வரும். தான் குலுக்கலிலேயே இல்லை என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது.

குறைகளுக்கு நாங்கள் நான்கு படிகள் வைத்திருந்தோம். ஒன்றாம் படி என்றால் அதைச் சரிசெய்யாமல் திட்டத்தைத் திறக்கக் கூடாது. மூன்றாம் படி என்றால் திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்தப் படி என்பதைக் கண்டுபிடித்தவர்தான் எழுத வேண்டும். குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மூணுன்னு போடும்மா.”

“திறந்த மூணு வாரத்துல குலுக்கல். அது முடிஞ்சிட்டா அப்பறம் மாத்த முடியாதுண்ணே.”

“தெரியும். இருந்தாலும் மூணுன்னு போடு. அவிங்க ஊருல மந்திரி வந்து திறந்து வைக்கிறாராம். இந்த நேரத்துல ஒண்ணுன்னு போட்டா என்னை வறுத்து எடுத்துருவாய்ங்க.” கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “ஆனா நீ எழுதுறதுதான். நான் கை வைக்க மாட்டேன்” என்றார்.

இடத்துக்கு வந்தேன். அடுத்த இருக்கை காலியாக இருந்தது, அவள் மேல்மாடியில் ஆஸ்பத்திரிக்காரர்களோடு கூட்டத்தில் இருந்தாள். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம், ஒன்று என்று போட்டால் ஆகும் வேலை நாட்கள். விதியை மாற்றி எழுத மூன்று நாள், அவர்கள் சட்டப் பிரிவு ஒப்புக்கொள்ளப் பத்து நாள், நிரலை மாற்ற ஐந்து, மறுபடி எல்லாவற்றையும் சோதிக்கப் பதினைந்து, இடையில் வரும் விடுமுறைகள். எப்படிக் கூட்டினாலும் ஜூன் இரண்டாம் வாரத்துக்கு முன்னால் வரவில்லை. சட்டப் பிரிவைப் பாதியாக்கிப் பார்த்தேன். ஜூன் ஆறு வந்தது. வலப்பக்கம், மூன்று என்று போட்டால் யார் யார் விழுவார்கள் என்று எழுத வேண்டும். கொட்டாம்பட்டி என்று எழுதினேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வாத்தியார் வரிசையாக நிற்க வைத்துத் தேதி போட்ட ஊர் ஒவ்வொன்றையும் எழுத வேண்டும்.

ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். எனக்கு ஏசி ஓடும் சத்தம்தான் கேட்டது. கீழ்த்தளத்தில் இருக்கும் பல் டாக்டரிடம் ஒரு பிள்ளை அழுதது. ஒன்று என்று போட்டு அனுப்பினேன். இனி என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியலைத் தொடங்கினேன்.

பட்டியலில் முதலாவது அவளுக்காக. திறப்புத் தள்ளிப் போவதால் இடையில் வயது கடந்துவிடுகிறவர்களுக்கு விலக்குத் தர முடியுமா என்று அவர்களுக்கு ஒரு கேள்வி எழுதினேன். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. வயது விண்ணப்பிக்கும் நாளில்தான் கணக்கிடப்படும், அது சட்டத்தில் இருக்கிறது, மாற்ற முடியாது. பணிவான பதில்தான். விவரமாகக் கேட்டதற்கு நன்றி என்றும் இருந்தது.

திறப்புத் தள்ளிப் போகிறது என்பதை, இணையதளத்தில் அறிவிப்பு வரும் வரை நான் யாரிடமும் சொல்லக் கூடாது. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை அவள் ஸ்கூட்டரில் ஏறியதுமே, நாளைக்கு ஷூ வாங்க வர வேண்டும் என்றாள்.

“எதுக்கு இப்பவே? குலுக்கல்ல வரட்டும்.”

“வாங்கிப் போட்டுப் பழகணும்டி. புது ஷூ கால் கடிக்கும்.”

சனிக்கிழமை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். பண்ணையில் வேலை செய்ய முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாள். கடைக்காரர் ஆண்கள் அளவில் மிகச் சிறியதைப் பரணில் தேடி எடுத்து வந்தார்.

“கட்டட வேலைக்கா பாப்பா?”

“ஆப்பிள் பறிக்கண்ணே.”

“ஆப்பிள் பறிக்க எதுக்கு இரும்பு? மரத்த ஒதைக்கப் போறியா?”

அவள் கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர்ந்தது. “எப்படி இருக்கு?” என்று என்னிடம் கேட்டாள். கொஞ்சம் பெரிதாக இருப்பதாகவும் இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னேன். அது உண்மை. அவள் இரண்டு ஜோடி சாக்ஸும் வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும்போது பழங்காநத்தம் பாலம் ஏறி இறங்கும்வரை, அங்கே போனதும் எனக்கு அனுப்பப்போகும் படங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பின்னால் இருப்பவருக்கு நம் முகம் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மதியம் அறிவிப்பு வந்தது. தொழில்நுட்பக் காரணங்களால் திறப்பு ஜூன் பதினாறாம் தேதிக்கு மாற்றப்படுகிறது. அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். டப்பாவை மூடினாள்.

“என்ன தொழில்நுட்பக் காரணம்?”

சொன்னேன். இரண்டு மாப்ளகளையும், மே முப்பத்தொன்றையும், பதினான்காவது விதியையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளும் இந்தத் தொழில்தான், இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை.

“யாரு கண்டுபிடிச்சா?”

“நான்தான்.”

“அந்த விதிய யாரு எழுதுனா?”

“அதுவும் நான்தான்.”

“போன வருசமே பாத்துருக்கலாம்ல. பிறந்தநாள் லிஸ்டு வச்சிருக்கவ நீ.”

“ஆமா. பாத்துருக்கணும்.”

“என்னைக்குக் கண்டுபிடிச்ச?”

“வியாழக்கெழம.”

“இன்னைக்குச் செவ்வாய்.” மூடிய டப்பாவைத் தள்ளி வைத்தாள். “அப்ப சனிக்கெழம ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“ரெண்டு சாக்ஸ் போடச் சொன்ன.”

அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அவ்வளவு நிதானமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. மாலை வழக்கம்போல வண்டியில் ஏறினாள். நிறுத்தத்தில் இறங்கி, “வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளும் அப்படியே.

மே முதல் வாரத்தில் அவளும் அவள் அம்மாவும் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார்கள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, மாடிப்படியின் கீழே அலுவலகம். அவள் அம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். டிசம்பர் பதினொன்று என்று மையில் எழுதி முத்திரை குத்தியிருந்தது. அதன்படி அவளுக்கு முப்பத்தொன்று நிறைய இன்னும் ஏழு மாதம் இருந்தது. இத்தனை வருடமும் அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்திருக்கிறது.

வக்கீல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்ல பேப்பர்தான். ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா உண்மைத் தேதிக்கு இது ஒரு பேப்பர்தாம்மா இருக்கு. அந்தத் தேதிக்கு எம்புட்டு இருக்கு பாருங்க.” விரல் விட்டு எண்ணினார். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, பாஸ்போர்ட், ஆதார், பான், வேலையில் சேர்ந்தபோது கொடுத்த விவரங்கள். “மொதல்ல கோர்ட்டுல உத்தரவு வாங்கணும். அத வச்சுப் பத்தாவது சர்டிபிகேட்ட மாத்தணும். அதுக்கு அப்பறம்தான் மத்தது. ‘இம்புட்டு வருசமா ஏன் சும்மா இருந்தே’ன்னு கேப்பாய்ங்க.”

“ஜூன் பதினாறுக்குள்ள முடியுமா?” என்று கேட்டது நான்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “எந்த வருசம் ஜூன்?”

அவள் அம்மா மடியில் கிடந்த பிளாஸ்டிக் உறையை நீவிக்கொண்டே இருந்தார். எங்களுக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னார். “அந்த டீச்சர் கேட்டாங்க, ஜூன்ல அஞ்சு முடிஞ்சிருச்சான்னு. முடிஞ்சிருச்சுன்னேன். இவளுக்கு ஒரு வருசம் வீணாயிரக் கூடாதுன்னுதான் சொன்னேன்.”

“அந்த ஒரு வருசத்தத்தாம்மா இப்ப கேக்குறேன்” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர்கள் மொழியில் அம்மா என்னவோ சொன்னார், அவள் பதில் சொன்னாள். எனக்குத் தெரிந்த மூன்று வாக்கியங்களில் எதுவும் அதில் இல்லை.

ஜூன் மூன்று வந்து போனது. ஜூன் பதினாறு காலை ஐந்தரை மணிக்கே நாங்கள் அலுவலகத்தில் இருந்தோம். திட்டம் திறந்தது. திரையில் விண்ணப்பங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. எங்கும் சிக்கல் இல்லை. ஒன்பது மணிக்கு அங்கிருந்து எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். என் பெயரைக் குறிப்பிட்டும் சொன்னார்கள், சரியான நேரத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று. குழுத் தலைவர் பஜ்ஜி வரவழைத்தார். வயர் வேலை பார்க்கும் இருவருக்கும் இந்தத் திட்டத்தோடு சம்பந்தம் இல்லாததால் அவர்களும் விண்ணப்பித்திருந்தார்கள். “ரெண்டு பேரும் தனித்தனியா உள்ள போயிருக்கோமா, நல்லாப் பாத்துச் சொல்லும்மா” என்று இரண்டாமவர் கேட்டார். அதை நான் பார்க்கக் கூடாது. ஆனால் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். அன்று நான் அதிகாலையிலேயே கிளம்பிவிட்டதால் பேருந்தில் வந்திருந்தாள். பையை வைத்தாள், கணினியைத் திறந்தாள், ஆஸ்பத்திரிக்காரர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினாள். பதினொரு மணிக்கு மேல் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

“ஒண்ணு கேக்கணும். கோவத்துல கேக்கல.”

“கேளு.”

“அன்னைக்கு ஒண்ணுன்னு போட்டேல்ல. நீ போட்டது சரிதான். நானா இருந்தாலும் அதான் போட்டுருப்பேன். அத விடு. போடுறதுக்கு முன்னாடி எம்புட்டு நேரம் யோசிச்ச?”

எனக்கு அது நன்றாகத் தெரியும். குழுத் தலைவர் அறையிலிருந்து வந்த நேரமும் பதிவு அனுப்பிய நேரமும் கணினியிலேயே இருக்கின்றன. கூட்டிச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு பல நாள் தோன்றியிருக்கிறது.

“இருபத்தஞ்சு நிமிசம்.”

“அம்புட்டுதானா?”

“ஆமா.”

அவள் தலையை ஆட்டினாள். கேட்ட கணக்கு வேறு, வந்த விடை வேறு என்பது போல ஒரு முறை கண்களை மூடித் திறந்தாள். “ஒரு நாளாச்சும் இருக்கும்னு நெனச்சேன். ஒரு ராத்திரி தூங்காம இருந்துருப்பன்னு நெனச்சேன்” என்றாள். நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“நாளைலருந்து நான் பஸ்லயே வந்துக்கிறேன்.”

“சரி.”

நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் விசைப்பலகைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. நானும் என் திரையைப் பார்த்தேன். விண்ணப்பங்கள் விழுந்துகொண்டிருந்தன. பிறந்த தேதி இருந்த பத்தியில் மே முப்பத்தொன்று, ஜூன் ஒன்று, ஜூன் ஐந்து, மே முப்பத்தொன்று.

மறுநாள் காலை வீட்டிலிருந்து பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினேன். எங்கும் நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதால், வழக்கமான நேரத்துக்கே அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.